பெரட்டில் எடுத்த ஆராய்ச்சி

1936 விடுமுறையில் எங்கள் கல்லூரிச் சங்கம் என்னை மலாயாவில் கோலா சுங்கை பாருவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்துக்கு அனுப்பியது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை விட்டு ஏன் நிற்கிறார்கள், அவர்கள் மனதில் என்ன குறை என்று நான் ஆராய வேண்டும். இருபது கேள்விகள் அச்சடித்த தாள்கள் இருந்தன. பூட்ஸும் இருந்தது. அறிவு போதுமென்று நினைத்தேன்.

தோட்டப் பள்ளிக்கு ஒரே வாத்தியார், சாமிநாதன். வந்ததும் என்னைத் தனியே அழைத்தார்.

"தம்பி, குஞ்சம்மான்னு ஒரு புள்ள. பதினோரு வயசு. நல்லா படிக்கும். அதைப் புல்லுவெட்டுக்கு அனுப்பணுங்கிறாரு தொரை. உங்க ரிப்போர்ட்டுல ஆத்தாக்காரி படிக்கட்டும்னு சொல்லியிருந்தா ஒரு வருசம் விட்டுடுறேன்னு வாக்குக் குடுத்திருக்காரு. அந்த ஆத்தா வேலாயியை லயத்துல, அவ வீட்டுல போய்ப் பாருங்க. பெரட்டுல மட்டும் கேக்காதீங்க."

எல்லாரையும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி கேட்பதுதான் விஞ்ஞானம் என்று அவருக்கு விளக்கினேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டார்.

விடிந்ததும் பெரட்டு: வேலைக்குப் போகுமுன் களத்தில் ஆள் கணக்கெடுப்பு. இருபத்து மூன்று தாய்மார் வரிசையில் நின்றார்கள். என் பக்கத்தில் கங்காணி தம்புசாமி. வேலாயி முறை வந்தது.

"மகளுக்குப் பள்ளிக்கூடம் பிடிக்குமா?"

"ஆமாங்க ஐயா."

"அவளை வேலைக்கு அனுப்பச் சம்மதமா?"

"ஆமாங்க."

"கணவர் உடன் இருக்கிறாரா?"

அவள் கங்காணியைப் பார்த்தாள்.

"சுருக்கா சொல்லு லா, வெயில் ஏறுது!"

"ஆமாங்க."

குறித்துக்கொண்டேன். இருபத்து மூன்று பேரும் இருபது கேள்விக்கும் அதையே சொன்னார்கள். இவ்வளவு தெளிவான முடிவு எங்கள் பேராசிரியருக்கே கிடைத்ததில்லை. தாள்களை அப்போதே தொரையின் ஆபீசில் கொடுத்தேன்.

மத்தியானம் என் கையிலிருந்த நகலைப் படித்த வாத்தியார் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"வேலாயி புருசன் இருளாண்டி காய்ச்சல்ல போயி எட்டு மாசம் ஆச்சு தம்பி. நான்தான் குழி வெட்ட ஆள் கூப்பிட்டேன்."

ஆபீசுக்கு ஓடினேன். தொரை கைகுலுக்கினார். அத்தனை தாய்மாரும் வேலைக்குச் சம்மதித்ததில் அவருக்கு மகிழ்ச்சி. கணவர் விஷயத்தைச் சொன்னேன். அது சின்னப் பிழை, திருத்திக்கொள்ளுங்கள் என்றார்.

சாயங்காலம் லயத்துக்குப் போனேன். வேலாயி தன் பழைய சேலையைக் கிழித்து, மகளுக்குத் தலைத்துணி கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படிக்கட்டும்னு ஏம்மா சொல்லல?"

"பெரட்டுல இல்லேன்னு சொன்னா அன்னிக்கு வேலைக்குப் பேரு போட மாட்டாங்க ஐயா. பேரு இல்லேன்னா சோறு இல்ல. இங்க வந்து கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

"இப்ப சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

"எழுதி?"

குஞ்சம்மா என் தாளை எட்டிப் பார்த்து, முதல் கேள்வியைத் தடங்கலில்லாமல் வாசித்துக் காட்டினாள். அம்மாக்காரி முடிச்சை இறுக்கினாள்.

மறுநாள் காலை புல்லுவெட்டுக்குப் புதிதாக ஒன்பது பிள்ளைகள் போனார்கள். அவர்களில் குஞ்சம்மாவைத் தவிர மற்ற எட்டுப் பேரை நான் பார்த்ததே இல்லை.