மிஃப்தாஹிடம் விட்டுப்போன விமானம்

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதையை நான் இலக்கியத்துக்காக எழுதவில்லை. என் போனில் பன்னிரண்டு நாளாக ஒரு குரல் செய்தி கிடக்கிறது, அதற்குப் பதில் போட வேண்டும். பதில் போடாமல் தள்ளிப்போட ஒரு மனிதனுக்கு என்னென்ன வேலை உண்டோ அத்தனையும் செய்து பார்த்துவிட்டேன். கிரேன் லாரிக்கு ஆயில் மாற்றினேன், தண்ணீர்த் தொட்டி கழுவினேன், பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத மச்சானுக்குப் பிறந்தநாள் வாழ்த்துகூட அனுப்பினேன். மிச்சம் இருந்தது கதை எழுதுவது ஒன்றுதான்.

நான் லிபியாவில், தொப்ரூக்கில், இருபத்து மூன்று வருஷமாகக் கிரேன் லாரி வைத்துப் பிழைக்கிறேன். இங்கே எல்லாரும் என்னை 'ஹிந்தி' என்று கூப்பிடுவார்கள். இந்தியாக்காரன் என்று பொருள், அவ்வளவுதான். திருச்சியில் இருக்கும் என் மாமாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

செய்தி அனுப்பியவர் மிஃப்தாஹ். ஒட்டகமும் ஆடும் வைத்திருப்பவர், வயது அறுபதுக்கு மேல். நாளை மதியம் ஹஜ்ஜுக்குக் கிளம்புகிறார். அதற்குள் நான் பதில் சொல்லியாக வேண்டும்.

2

மூன்று ஆரம்பங்கள் எழுதிப் பார்த்தேன்.

'1942-ல் ஒரு போர்விமானம் வானத்திலிருந்து விழுந்து நொறுங்கி—'

நொறுங்கவில்லை. பெட்ரோல் தீர்ந்து, தரையில் வயிற்றால் சறுக்கிக்கொண்டு வந்து, மிஃப்தாஹின் அப்பா ஹமதுடைய கூடாரத்துக்கு நூறடி தள்ளி நின்றது. நொறுங்கியது ஒரு பால்சட்டி மட்டும்.

'மணல் அலை அலையாக முடிவில்லாமல்—'

அங்கே மணலே கிடையாது, சரளைக்கல்தான். வாசகருக்குப் பிடிக்குமே என்று எழுதினேன்.

மூன்றாவது ஆரம்பம் டெரன்ஸ். அதுதான் சரி. அவர் வராமல் கதை இல்லை.

3

டெரன்ஸ் இங்கிலாந்துக்காரர், ஓய்வுபெற்ற பல் டாக்டர். (நிஜத்தில் வேறு தொழில். கதைக்காக மாற்றினேன். இதில் எல்லாரையும் கொஞ்சம் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன், கிரேனை மட்டும் மாற்றவில்லை.) பழைய போர்விமானங்கள் எங்கே கேட்பாரற்றுக் கிடந்தாலும், சதுப்பு நிலமோ சண்டை நடக்கும் நாடோ, போய்த் தூக்கிவந்து அருங்காட்சியகத்தில் வைப்பது அவருக்கு வியாதி. இந்த விமானத்துக்காக ஒன்பது வருஷம் அலைந்து, பதினோரு முத்திரை குத்திய அனுமதிக் கடிதத்தோடு என் முற்றத்தில் வந்து நின்றார். பக்கத்துப் பள்ளத்தில் கிடந்த இன்னொரு விமானத்தைக் காயலான் கடைக்காரர்கள் அலுமினியத்துக்காக வெட்டித் தின்றுவிட்டார்கள். இதையும் விட்டால் அவ்வளவுதான் என்றார்.

அவருக்கு என் கிரேனும் வேண்டும், என் நாக்கும் வேண்டும். அவருக்கு அரபி வராது, மிஃப்தாஹுக்கு ஆங்கிலம் வராது. நான் நடுவில். இந்த 'நடுவில்' என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். வம்பு முழுக்க அங்கேதான் இருக்கிறது.

இந்த மனிதர்மேல் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. கதாபாத்திரமாகச் சொல்கிறேன். ரொம்ப நேர்மையாக இருக்கிறார். கதையில் வெளிநாட்டுக்காரர் என்றால் கொஞ்சமாவது திருட்டு முழி வேண்டும். எவ்வளவோ முயன்று பார்த்தேன், இவர் முகத்தில் ஒட்டவில்லை.

4

மிஃப்தாஹ் வீட்டுக்குப் போகும் கடைசி ஆறு கிலோமீட்டரில் அந்தப் போரில் புதைத்த கண்ணிவெடிகள் இன்னும் இருக்கின்றன. மிஃப்தாஹ் எதிரே வந்து, ஒரு குச்சியோடு லாரிக்கு முன்னால் நடந்தார். அவர் கால் வைத்த இடத்தில் என் சக்கரம். டெரன்ஸ் தன் பங்குக்கு ஒரு கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு நடந்தார். அது பதினோரு இடத்தில் கத்தியது. தோண்டினால் பதினொன்றும் டியூனா மீன் டப்பா. மிஃப்தாஹ் திரும்பிப் பார்த்து, "அதெல்லாம் நாங்க சாப்பிட்டது. வேணும்னா எடுத்துக்கச் சொல்லு," என்றார்.

நான் அவரை ஹாஜி என்று கூப்பிட்டேன். இந்த ஊரில் தலை நரைத்த யாரையும் அப்படித்தான் கூப்பிடுவோம், மக்காவுக்குப் போனாரா என்று யாரும் விசாரிப்பதில்லை. அவர் நின்றுவிட்டார்.

"ஹாஜின்னு கூப்பிடாத. நான் இன்னும் போகல. மிஃப்தாஹ்னு கூப்பிடு, போதும்."

அண்ணே என்று சேர்த்துக்கொண்டேன்.

5

இனி மூன்று நாள் கதை நகராது. என் குற்றம் இல்லை. விருந்தாளி எதற்கு வந்தான் என்று மூன்று நாளைக்குக் கேட்கக் கூடாது, அது அவர்கள் வழக்கம். கேட்காத இடத்தில் நாமாக முந்திக்கொண்டு சொல்வதும் நாகரிகம் இல்லை. கிரேனை எடுத்துக்கொண்டு யாரும் விருந்துக்கு வருவதில்லை என்பது மிஃப்தாஹுக்குத் தெரியாதா? வாசலில் நாற்பதடி உயரத்துக்கு மஞ்சளாக நின்றது. ஆனாலும் தினம் காலையில் என் உடம்பு, என் வீட்டார் உடம்பு, டெரன்ஸ் உடம்பு எல்லாம் விசாரித்துவிட்டு, கடைசியில் அவர் மனைவி மப்ரூகா கேட்பார்: "கிரேன் சௌக்கியமா தம்பி?"

சௌக்கியம் என்பேன். வேர்க்கடலை போட்ட டீ வரும். மூன்று சுற்று.

வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடிய ஒரு பெரிய உருவம் இருந்தது. டெரன்ஸ் அந்தப் பக்கமே பார்க்காமல் மூன்று நாள் மக்ரோனி சாப்பிட்டார். அவர் மனவலிமையை அங்கேதான் கண்டேன்.

நான்காம் நாள் காலை, மிஃப்தாஹ் தொண்டையைச் செருமிக்கொண்டு, என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னேன். எங்களைக் கூட்டிப்போய்த் தார்ப்பாயை உருவினார்.

விமானம் நீலமாக இருந்தது. கதவுக்கும் ஜன்னலுக்கும் அடிக்கிற அந்தப் பளபளப்பு நீலம். சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் டொயோட்டா பிக்கப் டயர். வாலில் கண்ணேறு படாமலிருக்க வெள்ளையில் ஒரு உள்ளங்கை.

டெரன்ஸ் அப்படியே சரளையில் உட்கார்ந்துவிட்டார். அந்தக் காலத்து நிறம், அந்தக் காலத்துக் கீறல், குண்டு துளைத்த ஓட்டை, இதற்குத்தான் ஒன்பது வருஷம். "எந்தப் பாவி இதைச் செய்தான்?" என்று கேட்டார், கண்ணில் தண்ணீர்.

[மொழிபெயர்ப்பாளர் குறிப்பு: 'இவ்வளவு அக்கறையாக இதைப் பார்த்துக்கொண்டது யார்?' என்று நான் அரபியில் கேட்டேன். இது என் முதல் பொய். சின்னது.]

மிஃப்தாஹுக்குப் பெருமை தாங்கவில்லை. பெருநாளுக்குப் பெருநாள் வீட்டுக் கதவுக்கு அடிக்கும்போது இதற்கும் ஒரு கை அடித்துவிடுவார்களாம். அடுத்தவர் பொருளைத் துருப்பிடிக்க விடலாமா? நிறம் தேர்ந்தெடுப்பது மப்ரூகா.

"முதல்ல பச்சை அடிச்சோம்," என்றார் மப்ரூகா. "ஆடெல்லாம் நக்க ஆரம்பிச்சிருச்சு."

டெரன்ஸிடம் இதை நான் மொழிபெயர்க்கவில்லை.

6

இங்கே கட்டுரைபோல ஒரு பத்தி எழுதியாக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த விமானியின் பெயர் லெஸ்லி. ஹமது அவருக்கு ஒட்டகப் பால் கொடுத்து, தன் கம்பளிப் போர்வையைச் சுற்றி, எதிரிப் படைக்குத் தெரியாமல் அவர் ஆட்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். பிரியும்போது லெஸ்லி விமானம் இருந்த திசையைக் காட்டி, நெஞ்சில் கைவைத்து, திரும்பி வருவேன் என்று சைகை செய்தாராம். ஹமது தலையாட்டினார். அதோடு அது அடைக்கலப் பொருள் ஆகிவிட்டது. ஒப்படைத்தவர் கையிலோ அவர் வாரிசு கையிலோதான் திருப்பித் தர வேண்டும். ஹமது சாகும்போது மகனிடம் சொன்ன கடைசிப் பேச்சும் இதுதான்.

ஹஜ்ஜுக்குப் போகிறவர் அடுத்தவர் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு கிளம்பக் கூடாது, எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பார் மிஃப்தாஹ். அதனால் ஹஜ்ஜுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குலுக்கலுக்குப் பெயரே கொடுக்காமல் இருந்தார். இந்த வருஷம் மப்ரூகா அவருக்குத் தெரியாமல் இருவர் பெயரையும் கொடுத்துவிட்டார். இரண்டும் விழுந்துவிட்டன.

"இவரு பேரு குடுப்பாருன்னு இருந்தா வானத்துல போறவன்தான் இறங்கி வரணும்," என்றார் மப்ரூகா. ஹஜ்ஜில் உடுத்தும் வெள்ளைத் துணியும் வாங்கி வைத்திருந்தார். மிஃப்தாஹ் பெயரை ரத்து செய்யச் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டில் ஒரு வாரமாக இதே சண்டை.

ஆகவே டெரன்ஸுக்கு விமானம் வேண்டும், மிஃப்தாஹுக்கு அதைக் கொடுத்துத் தொலைக்க வேண்டும். இருவருக்கும் வேண்டியது ஒன்றேதான், ஆனாலும் நடக்க வழியில்லை.

மிஃப்தாஹ் அனுமதிக் கடிதத்தை வாங்கிப் பதினோரு முத்திரையையும் மரியாதையாகப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "காகிதம் இருக்கட்டும். இவரு லெஸ்லிக்கு என்ன வேணும்? அதைக் கேளு."

கேட்டேன். டெரன்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "உள்ளதைச் சொல்லுங்கள். லெஸ்லி அடுத்த வருஷமே வேறொரு விமானத்தில் செத்துப்போனார். கல்யாணம் ஆகவில்லை, கூடப் பிறந்தவர்கள் இல்லை. அவருக்கு யாருமே இல்லை."

நான் மிஃப்தாஹ் பக்கம் திரும்பினேன். அவருக்குப் பின்னால் மப்ரூகா கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

7

இந்த இடத்தை நாலு தரம் எழுதிக் கிழித்தேன். ஒரு பிரதியில் எனக்கு இருமல் வருகிறது. ஒரு பிரதியில் என் அரபி அறிவு போதாமல் தடுமாறுகிறேன், இருபத்து மூன்று வருஷம் ஆகியும். இன்னொன்றில் மப்ரூகா 'சொல்லு தம்பி' என்று கண்ணைக் காட்டுகிறார். அது அபாண்டம், அவர் காட்டவில்லை. பழியைப் பங்கு போடப் பார்த்தேன்.

நடந்தது இது. "லெஸ்லியோட தங்கச்சி மகன்," என்றேன்.

மிஃப்தாஹ் இரண்டு எட்டில் வந்து டெரன்ஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நான் உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று நினைத்து, செத்துப்போன விமானிக்காக இவர்கள் இவ்வளவு வருந்துகிறார்களே என்று டெரன்ஸும் அழுதார். மப்ரூகா முக்காட்டுத் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு, "மூக்கு அப்படியே இருக்கு," என்றார். அவர் லெஸ்லியைப் பார்த்ததே இல்லை. லெஸ்லி வந்தபோது அவர் பிறக்கவும் இல்லை.

இறக்கைகளைக் கழற்றி, லாரியில் ஏற்றி, அன்று மதியமே கிளம்பினோம். துறைமுகம் வரை கூடவே வந்து ஒப்படைப்பேன் என்று மிஃப்தாஹும் ஏறிக்கொண்டார். சாலை முக்கில் துப்பாக்கிக்காரர்கள் மறித்தார்கள். விமானத்தில் தங்கம் இருப்பதாக ஊரில் ஒரு பேச்சு உண்டு, அதற்குத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். அவர்களில் தாடி வைத்தவன் ஏறிப் பார்த்துவிட்டு, இது எந்தப் பூங்கா ராட்டினத்தில் கழற்றியது என்று கேட்டான். ஆமாம், ராட்டினம்தான் என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் மிஃப்தாஹ் முந்திக்கொண்டார்.

"போர்விமானம்பா. இங்கிலீஷ்காரனோடது."

விழுந்து விழுந்து சிரித்தார்கள். நீலப் பெயிண்டையும் உள்ளங்கையையும் காட்டிக் காட்டிச் சிரித்துவிட்டுப் போகச் சொன்னார்கள். அவர் சொன்ன உண்மையை யாரும் நம்பவில்லை, நான் சொன்ன பொய்யை எல்லாரும் நம்பினார்கள். கதை எழுதுகிறவனுக்கு இது நல்ல சேதிதான். ஆனால் அந்த லாரியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டுபோனது எனக்கு நன்றாக இல்லை. கூசிற்று.

8

கப்பல் போய்விட்டது. கதையும் அதோடு முடிந்திருக்க வேண்டும்.

ஒரு மாதம் கழித்து அந்தக் குரல் செய்தி வந்தது. ஹஜ்ஜுக்குப் போகுமுன் தெரிந்தவர் அத்தனை பேரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போவது வழக்கம். அப்படியே எழுதுகிறேன்:

"ஹிந்தி, நான் கிளம்புறேன். உனக்கு ஒரு தப்பு பண்ணிட்டேன். ரெண்டாம் நாள் நீ மத்தியானம் தூங்குறப்ப, உன்னைக் கேக்காம உன் கிரேன்ல ஏறி உட்கார்ந்தேன். ஒரு கம்பியைப் பிடிச்சு இழுத்தும் பார்த்தேன். மனசு உறுத்துது. மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு. உன்னாலதான் நான் போறேன். இனிமே நீ ஹாஜின்னே கூப்பிடலாம்."

மறுநாளே எங்கள் தெருப் பள்ளிவாசல் இமாமிடம் போய், யாரோ ஒருவருக்கு நடந்ததுபோல விஷயத்தைச் சொன்னேன். அவர் ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்: வாரிசே இல்லையென்றால் சிக்கல் என்ன? சொந்தக்காரர் பெயரில் அதைத் தானமாகக் கொடுத்துவிட்டால் பொறுப்பு தீர்ந்தது. அருங்காட்சியகத்துக்கே கொடுத்திருக்கலாமே.

அதாவது, நான் உள்ளதைச் சொல்லியிருந்தாலும் மிஃப்தாஹ் ஹஜ்ஜுக்குப் போயிருப்பார், டெரன்ஸுக்கு விமானமும் கிடைத்திருக்கும். என் பொய் யாருக்கும் தேவைப்படவே இல்லை.

இப்போதும் கெட்டுப்போகவில்லை, கிளம்புவதற்கு முன் தெரிந்தால் ஒரு வார்த்தையில் சரிசெய்துகொள்வார், சொல்ல வேண்டியவன் சொல்லட்டும் என்றார் இமாம். அதைச் சொன்னபோது என்னையே பார்த்தார்.

9

முடிவை உங்கள் கையில் கொடுத்துவிடலாம் என்பதுதான் என் திட்டம். இந்த மாதிரிக் கதைகளில் அது செல்லும். அ: 'மன்னித்தேன், போய்வாருங்கள் ஹாஜி' என்று பதில் போடுவது. அவருக்கு நிம்மதி, நீங்களும் சொல்ல மாட்டீர்கள். ஆ: அவர் திரும்பி வந்த பிறகு சொல்வது. இ: இப்போதே—

ஆனால் இது அச்சாகி நீங்கள் படிப்பதற்குள் அவர் போய்த் திரும்பியே வந்திருப்பார். உங்கள் தீர்ப்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? இவ்வளவும் எழுதிய பிறகு இது இப்போதுதான் உறைக்கிறது.

அழைத்துவிட்டேன். மணி போகிறது. இடது கையில் போன், வலது கையில் பேனா.

மப்ரூகாதான் எடுக்கிறார். பின்னால் வழியனுப்ப வந்தவர்களின் பேச்சு. என் உடம்பு, என் வீட்டார் உடம்பு எல்லாம் விசாரிக்கிறார். "கிரேன் சௌக்கியமா தம்பி?"

சௌக்கியம் என்றேன். அவரிடம் கொடுங்கள் என்றேன்.

"சொல்லு ஹிந்தி," என்கிறார்.

"மிஃப்தாஹ் அண்ணே," என்று ஆரம்பித்தேன். ஹாஜி என்று கூப்பிட வாய் வரவில்லை. பேனாவை வைக்கிறேன்.