இரண்டு தட்டுத் தண்ணீர்

அம்மாவின் கை தண்ணீருக்குள் போகிறது, ஐந்து விரலும் விரிந்து, மணிக்கட்டு வரை, கண்ணை இறுக்கி மூடியிருக்கிறாள், சுற்றிலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள், மேசைமேல் இரண்டு எவர்சில்வர் தட்டு, ஒன்றில் ஆற்றிலிருந்து எடுத்து வந்த எண்ணெய்த் தண்ணீர் அப்படியே, மற்றதில் அதே தண்ணீர், பத்தாம் வகுப்பு அமுலு சுத்தம் செய்தது, அறிவியல் கண்காட்சிக்கு அவள் வைத்திருப்பது இதுதான், நடுவராக வந்த பேராசிரியர் நல்ல மனுஷர், விளையாட்டாகத்தான் கேட்டார், கையால இறால் தடவிப் பிடிக்கிறவங்கன்னு சொல்றாங்க, உங்க விரலுக்குத் தெரியாததா எங்களுக்குத் தெரியப்போகுது, கண்ண மூடிக்கிட்டுத் தொட்டுப் பாத்துச் சொல்லுங்கம்மா, எது சுத்தம், பிரிசில்லா மிஸ் சிரித்துக்கொண்டே தட்டுகளை இடம் மாற்றி வைத்தார், கூடம் முழுக்க எண்ணெய் வாடை, மூக்கை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது, விரல்தான் சொல்ல வேண்டும்.

அந்த விரலுக்குத் தெரியாதது எதுவும் கிடையாது என்று நம்பித்தான் அமுலு வளர்ந்தாள், அம்மா கன்னியம்மாவுக்கு வலை கிடையாது, படகு கிடையாது, ஓலையில் பின்னிய பறியின் வாயைப் பல்லால் கடித்துக்கொண்டு கழுத்தளவுத் தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்வாள், கை இரண்டும் அடியில் சேற்றைத் தடவிக்கொண்டே போகும், நிமிஷத்துக்கொரு இறால் பறிக்குள் விழும், கரையில் உட்கார்ந்திருக்கும் சின்ன அமுலு கேட்கிறாள், கல்லு எது இறால் எதுன்னு எப்டிம்மா தெரியும், பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டு அம்மா சொல்கிறாள், அதுக்கொரு துடிப்பு இருக்குடி, விரல் நுனில வந்து நிக்கும், பாம்பு வந்தாக்கூட அதுவே சொல்லிடும், இவள் தன் விரலைத் தண்ணீரில் விட்டுப் பார்க்கிறாள், சேறுதான் தெரிகிறது, சோறு, நோட்டுப் புத்தகம், காது கம்மல் எல்லாம் அம்மாவின் அந்தப் பத்து விரலிலிருந்து வந்தவை.

கார்த்திகை வெள்ளத்தோடு ஆற்றில் கறுப்பு எண்ணெய் வந்தது, எந்த ஆலையின் எண்ணெய் என்று இன்றுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை, வாரிக் கொட்ட ஆள் வேண்டும் என்று மட்டும் அதிகாரிகள் வந்து நின்றார்கள், குவளையும் வாளியும் கொடுத்து ஆற்றைத் துடைக்கச் சொன்னார்கள், கையுறை நாளைக்கு வரும் என்றார்கள், அந்த நாளை வரவேயில்லை, அம்மா பதினொரு நாள் வெறுங்கையால் வாரினாள், முதல் நாள் சாயங்காலம் முழங்கை வரை தார் பூசியதுபோல் வந்து வாசலில் உட்கார்ந்தாள், சோப்பு வழுக்கிக்கொண்டு போனது, சாம்பலும் நிற்கவில்லை, அந்த வாரம்தான் பிரிசில்லா மிஸ் பாடம் எடுத்திருந்தார், ஒத்தது ஒத்ததைக் கரைக்கும், எண்ணெய் தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும், அமுலு ஓடிப்போய் அடுப்படியிலிருந்து கிருஷ்ணாயில் கேனை எடுத்து வந்தாள், பழைய துணியை நனைத்துத் தேய்த்தாள், கறுப்பு கரைந்து ஒழுகியது, உள்ளிருந்து அம்மாவின் கை வெளியே வந்தது, அமுலுவுக்குத் தலைகால் புரியவில்லை, படித்த பாடம் வீட்டு வாசலில் பலிக்கிறது, பக்கத்து வீட்டுப் பெண்களும் கை நீட்டினார்கள், எரிச்சல் தாங்காமல் மறுநாள் அவர்கள் வரவில்லை, அம்மா மட்டும் பதினொரு நாளும் நீட்டினாள், என் பொண்ணு படிச்சு சொல்றா, தப்பா இருக்குமா, எரியுதாம்மா, எரியட்டும் நீ தேயி, ஏழாம் நாள் எரியவில்லை என்றாள், பழகிவிட்டது என்று இரண்டு பேரும் சந்தோஷப்பட்டார்கள், அந்தச் சந்தோஷத்தை இப்போது நினைத்தால் அமுலுவுக்குக் குமட்டுகிறது.

தோல் உரிந்து, வெடித்து, சீழ் வைத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், எண்ணெய் பாதி கெடுத்துச்சு, மீதிய கெடுத்தது கிருஷ்ணாயில், யாரும்மா இதப் போட்டுத் தேச்சது, நான்தான் சார், படிக்காதவ, தெரியாம செஞ்சிட்டேன் என்றாள் அம்மா, பக்கத்தில் பத்தாம் வகுப்புப் படிக்கிறவள் மருந்துச் சீட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், விரல் மரத்துப்போச்சு, மூணு மாசம் பாருங்க, உணர்ச்சி வந்தாலும் வரும் என்றார் டாக்டர், கண்காட்சி வந்தது, அமுலு சலூனில் முடி வாங்கிப் பழைய காலுறைகளில் அடைத்துத் தட்டில் மிதக்கவிட்டாள், முடி எண்ணெயைப் பிடித்துக்கொண்டது, படம் வரையப் புத்தகம் தேடியபோது நூலகத்தில் அந்த வரி கண்ணில் பட்டது, தோலில் ஒட்டிய எண்ணெயை நீக்கத் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துச் சோப்பால் கழுவவும், விதி அதேதான், எண்ணெய்தான் வேறு, அந்தப் பாட்டில் பதினொரு நாளும் கண்ணாடிக்குப் பக்கத்தில்தான் இருந்தது, தினம் காலையில் அதிலிருந்து எடுத்துத் தடவித்தான் அவள் தலைவாரிக்கொண்டாள், அந்த வரியைக் கண்காட்சி அட்டையில் மூன்றாவதாக, அழகான கையெழுத்தில் எழுதினாள், அதற்காகவே தன்மேல் அருவருப்பாக இருந்தது, ஒருவரிடமும் சொல்லவில்லை, சொல்லத் தேவையில்லை என்று ஒரு சாக்கும் வைத்திருந்தாள், போன மாதத்திலிருந்து அம்மா மற்ற பெண்களோடு ஆற்றுக்குப் போகிறாள், அரைப் பறி இறாலோடு திரும்புகிறாள், வந்துடுச்சுடி, விரல் பழையபடி ஆயிடுச்சு என்கிறாள், அந்த அரைப் பறியை நம்பித்தான் அமுலு ராத்திரி தூங்கினாள்.

அம்மா முதல் தட்டிலிருந்து கையை எடுத்து இரண்டாவதில் விடுகிறாள், விரல்கள் அடியைத் தடவுகின்றன, ஓரத்தைத் தடவுகின்றன, எதையோ தேடுகிறவள் போல் நெற்றியைச் சுருக்குகிறாள், பேராசிரியர் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பிச் சிரிக்கிறாள், இதான் சார் சுத்தம், நல்லாத் தெளிஞ்ச தண்ணி, மணிக்கட்டைச் சுற்றிக் கறுப்பாக வளையம் கட்டியிருக்கிறது, பிள்ளைகள் சிரித்தார்கள், அம்மா தமாஷ் பண்றாங்க என்று பேராசிரியரும் சிரித்துக்கொண்டே மதிப்பெண் போடக் குனிந்தார், சிரிப்புச் சத்தம் கேட்டதும் சரியாகச் சொல்லிவிட்டோம் என்று அம்மாவின் முகம் மலர்ந்தது, பறியில் இருந்த இறால் மற்ற பெண்கள் ஆளுக்கு இரண்டு பிடியாக அள்ளிப் போட்டது என்று அமுலுவுக்கு அப்போதுதான் புரிந்தது.

சார், எழுதாதீங்க சார் என்றாள், அம்மா தமாஷ் பண்ணல, அவங்க விரல் செத்துப்போச்சு, கிருஷ்ணாயில் போட்டுப் பதினோரு நாள் தேச்சது நான்தான், என்னாடி உளறுற, நான் சரியாத்தான சொன்னேன் என்றாள் அம்மா, சொன்னபடி கண்ணை மூடிக்கொண்டே நின்றாள், கையை இன்னும் அந்த எண்ணெயிலிருந்து எடுக்கவில்லை.