ஜன்னலோரம் நாற்பது காலடி

ஆஸ்பத்திரித் தண்ணீர்த்தொட்டி வந்ததும் சாவியைத் திருப்பி என் சரக்கு ஆட்டோவை அணைத்தேன். டீசல் எஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டு ஓய்ந்தது. இறங்கி, வலது கையால் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு, இடது தோளைக் கதவுச் சட்டத்தில் கொடுத்தேன். என் மனைவி பின்னால் போய்க் கையை ஊன்றினாள். நான் "ம்" என்றேன், அவளும் "ம்" என்றாள். தள்ளினோம். அங்கிருந்து சந்து வழியாகத் துணி அறை வாசல் வரைக்கும் நாற்பது காலடி. லேசான மேடுதான், பார்த்தால் மேடு என்றே தெரியாது, தள்ளுகிறவனுக்குத்தான் தெரியும். வண்டியில் சலவைக் கூடத்தில் வெளுத்து மடித்த ஆஸ்பத்திரி விரிப்புகள், இருபத்தாறு மூட்டை. பதினோரு வருஷமாகக் காலையில் ஒரு நடை, மத்தியானம் ஒரு நடை, இப்படித்தான்.

காரணம், அந்தச் சந்தின் இடது பக்கம் முழுக்கப் பிறந்த குழந்தைகளின் வார்டு. மாதம் நிறையாமல் பிறந்தவை எல்லாம் அங்கேதான் கிடக்கும். எஞ்சின் சத்தத்துக்கு அதுகள் தூக்கிவாரிப் போட்டு அழுகின்றன என்று தலைமை நர்ஸ் முதல் வாரமே சொல்லிவிட்டார். துணி அறைக்கு வேறு வழி கிடையாது. அந்த அம்மா யாரைப் பார்த்தாலும் முதலில் விரலை உதட்டில் வைத்து 'உஷ்' என்பார், பிறகுதான் பேச்சு. அதனால் எங்களுக்குள் அவர் பெயர் உஷ் அம்மா. எனக்கு எழுத்து வந்ததும் அவரால்தான். ஒரு தடவை ஆண்கள் வார்டு விரிப்பைக் கொண்டுபோய்க் குழந்தைகள் வார்டு அடுக்கில் இறக்கிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. விரிப்பு மூலையில் சிவப்பு நூலில் தைத்திருந்ததைக் காட்டி, "இது 'ஆ', ஆண்கள். இது 'பெ', பெண்கள். இது 'சி', சிசு. இந்த மூணும் தெரிஞ்சா உன் வேலைக்குப் போதும்" என்றார். எனக்கு நாற்பத்திரண்டு வயது அப்போது. மூன்றோடு நிற்க மனசு வரவில்லை. மருந்துப் பெட்டி, சுவரொட்டி, கதவுப் பலகை என்று கண்ணில் பட்டதையெல்லாம் கூட்டிக் கூட்டிப் படித்தேன்.

அன்றைக்கு இருபத்தைந்தாவது காலடியில் வண்டி திடீரென்று கனத்தது. பின்னால் கை இல்லை என்று தோளுக்குத் தெரிந்துவிட்டது. சக்கரத்துக்குக் கல்லை வைத்துவிட்டு ஓடிப் பார்த்தால், அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். வலியில் முகம் வெளுத்திருக்கிறது, ஆனால் வாயைத் திறக்கவில்லை. வலித்தால்கூடச் சத்தம் போடக்கூடாத சந்து அது.

ஆஸ்பத்திரியிலேயே டாக்டர் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார். "இந்த இடுப்ப வச்சுக்கிட்டு இன்னும் ஆறு மாசம் தள்ளுனீங்கன்னா, அப்புறம் உங்களத்தான் வண்டியில வச்சுத் தள்ளணும்" என்றார். அவள் சிரித்துவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் சிரிப்பு போய்விட்டது.

"வேற ஆளப் போட்டுக்கோங்க."

"கூலியில பாதிய அவன் கொண்டு போவான்."

"கூலி கெடக்கட்டும். நான் என்ன பண்றது? சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கவா? உங்க கூட வண்டியில வர்றதுதான் எனக்குப் பொழப்பு, ஊர் பாக்கறது, எல்லாமே."

மறுநாளிலிருந்து அவளைப் பின்னால் போகவிடாமல் தனியாகத் தள்ளினேன். பாதி மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, இரண்டு தடவையாக. ஒரு நடைக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. சலவைக் கூடத்து மேலாளர் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். அவள் சீட்டில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள், ஏதோ தப்பு செய்தவள் மாதிரி.

அந்த வாரத்தில்தான் கேட்டுச் சுவரில் அரசாங்கத்து நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். மூட்டை இறக்கிய பிறகு அதன் முன்னால் நின்றேன். பழைய டீசல் வண்டியை உடைக்கக் கொடுத்தால் அதற்கு ஒரு தொகை. மின்சார வண்டி வாங்கினால் விலையில் மூன்றில் ஒரு பங்கு மானியம். பதிவுக் கட்டணம் கிடையாது, சாலை வரி கிடையாது, கடனுக்குப் பாதி வட்டி. 'மானியம்' என்ற சொல்லை நான் அதற்கு முன் எழுத்தில் பார்த்ததில்லை. நாலு தடவை கூட்டிப் படித்தேன். கேட்டுக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்.

"என்னய்யா, பரீட்சைக்குப் படிக்கிறியா?"

"கரண்டு வண்டிங்க. காசு குடுக்குறாங்களாம்."

"குடுப்பாங்க குடுப்பாங்க. நடு ரோட்ல நின்னுபோச்சுன்னா வீட்லேருந்து ஒயர் இழுத்துக்கிட்டு வருவியா?"

"டீசல் தீந்தா நான் என்ன கெணறா தோண்டறேன்?"

அவர் சிரித்துவிட்டார். ஆனால் எனக்குள்ளே வேறொரு பயம் இருந்தது. அந்த மேட்டில் இருபத்தாறு மூட்டையோடு அது ஏறுமா? ஏறாவிட்டால் பழையதும் இல்லை, புதியதும் பயனில்லை. வீட்டில் சொன்னபோது அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "சத்தம் வராதாமே, நெசமா?"

படிவத்தை நானே நிரப்பினேன். பழைய வண்டியை உடைக்கிற இடத்தில் கொண்டுபோய் விட்டபோது, அதை எடைமேடையில் ஏற்றி, இரும்பு விலையும் ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். அந்தக் காகிதம் இருந்தால்தான் மானியம். மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் வழியெல்லாம் தொட்டுப் பார்த்தேன்.

கடையில் புது வண்டியில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி திருப்பினேன். மூன்றாவது தடவை பயந்துபோய், பக்கத்தில் நின்ற கடைப் பெண்ணிடம், "வண்டி செத்துப்போச்சும்மா" என்றேன்.

"அண்ணே, ஸ்டார்ட்லதான் இருக்கு" என்றது அந்தப் பெண். "கைப்பிடிய லேசா முறுக்குங்க."

முறுக்கினேன். தரை என் காலுக்கடியில் நழுவிப் போன மாதிரி இருந்தது. உறுமல் இல்லை, உதறல் இல்லை, புகை இல்லை. முப்பது வருஷமாக ஒரு வண்டி என்றால் அது கத்திக்கொண்டேதான் வேலை செய்யும் என்று நினைத்திருந்தேன். மனுஷனும் அப்படித்தான். கத்தாமலும் வேலை நடக்கும் என்று அந்தப் பத்தடித் தூரத்தில் பார்த்தேன்.

சலவைக் கூடத்துச் சுவரில் தனி மீட்டர் வைத்துக் கொடுத்தார்கள். வெயில் நேரத்தில் சார்ஜ் ஏற்றினால் மின்சாரம் பாதி விலை. முதல் நடை முடிந்து நாங்கள் சாப்பிட உட்காருவதும் அந்த நேரம்தான். "அதுக்கும் பசிக்குமில்ல" என்று அவள் சோற்றில் கை வைப்பதற்கு முன் போய்ப் பிளக்கைச் சொருகிவிட்டு வருவாள். டீசலுக்கு ஒரு நாளில் கொடுத்தது இதற்கு ஒரு வாரம் வந்தது.

ஆனால் அதெல்லாம் பிறகு. முதல் நாள் காலை இருபத்தாறு மூட்டையோடு கிளம்பினோம். அவள் எப்போதும் போல என் சீட்டின் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்தாள். பழைய வண்டியில் பேச்சே கிடையாது. தோளில் ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு தட்டு என்றால் போ. பாலத்தைத் தாண்டும்போது காதுக்குப் பக்கத்தில் ஏதோ முணுமுணுப்பு கேட்டது. பார்த்தால் அவள்தான்.

"...லைட்ட அணைக்காமயே வந்தாச்சு, சொன்னா மண்டையில ஏறுதா, அது என்ன மண்டையா..."

"யாரோட பேசற?"

அவள் திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "கேக்குதா?"

"தெளிவா கேக்குது. இப்படித்தான் தெனமும் பேசிக்கிட்டு வருவியா?"

"பதினோரு வருசமா."

"என்கிட்ட சொல்லவே இல்லையே."

"உங்களுக்குக் கேக்காதுன்னுதான பேசினேன்."

பாலம் இறங்கினோம். பிறகு நான் கேட்டேன்: "திட்டு மட்டும்தானா?"

"எல்லாந்தான்" என்றாள், வெளியே பார்த்துக்கொண்டு. "திட்டாததும் உண்டு." அதற்கு மேல் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டினோம். தண்ணீர்த்தொட்டி வந்தது. சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தேன். இறங்கினேன். வலது கை ஹேண்டிலில், இடது தோள் கதவுச் சட்டத்தில். அவளும் இறங்கிப் பின்னால் போய்க் கையை ஊன்றினாள். பழைய பழக்கத்தில் டாக்டர் சொன்னது அவளுக்கும் ஞாபகம் இல்லை, எனக்கும் இல்லை. "ம்" என்றேன். "ம்" என்றாள். பேட்டரி வண்டி பழையதைவிடக் கனம். ஆறாவது காலடியிலேயே எனக்கு மூச்சு வாங்கியது. தலையைக் குனிந்துகொண்டு தள்ளினேன்.

"யோவ்!" என்று கேட்டுக்காரர் குரலை அடக்கிக்கொண்டு ஓடி வந்தார். "கரண்டு வண்டிய எதுக்குய்யா தள்றீங்க?"

நின்றோம். அவள் வண்டிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள், ஒரு கை இடுப்பில். நான் அவளைப் பார்த்தேன். அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. முந்தானையை வாயில் வைத்து அடைத்தும் நிற்கவில்லை. சுவரில் சாய்ந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். வார்டுக் கதவு திறந்தது. உஷ் அம்மா வெளியே வந்து வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு விரலை உதட்டில் வைத்து என் மனைவியைப் பார்த்து "உஷ்" என்றார். அந்தச் சந்தில் சத்தம் போட்டது அன்றைக்கு அவள் ஒருத்திதான்.

"ஏறிக்கோ" என்றேன்.

"ஏறுமாங்க, இவ்ளோ மூட்டையோட? நான் வேணா நடந்து வரட்டுமா?"

"நீ ஏறு."

ஏறினாள். சாவியைத் திருப்பினேன். கைப்பிடியை முறுக்கினேன். ஒரு கணம் வண்டி அப்படியே நின்றது. அவள் கை என் தோளை இறுக்கியது. பிறகு எந்த முக்கலும் முனகலும் இல்லாமல் மேட்டில் நகர்ந்தது, தண்ணீரில் இலை போகிற மாதிரி. சக்கரத்துக்கடியில் மணல் நொறுங்குவதுகூடக் கேட்டது.

தள்ளுகிறவனுக்குத் தரை மட்டும்தான் தெரியும். அந்த நாற்பது காலடியில் எந்தக் கல் பெயர்ந்தது, எங்கே விரிசல் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆனால் இடது பக்கம் இவ்வளவு பெரிய ஜன்னல் இருக்கிறது, அது என் தலை உயரத்துக்குத்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தோளில் ஒரு தட்டு விழுந்தது. வண்டியை நிறுத்தினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வரிசையாகச் சின்னச் சின்னப் படுக்கைகள். ஒவ்வொன்றிலும் ஒரு கை அகலத்துக்கு ஒரு உயிர். ஜன்னலை ஒட்டிய படுக்கையில் கிடந்தது என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம்தான் பெரிது. நாங்கள் நிற்பது அதற்குத் தெரியவில்லை. அழவில்லை, தூக்கிப் போடவில்லை. வாயை அகலத் திறந்து ஒரு கொட்டாவி விட்டது.

"தூங்குதுங்க" என்றாள் அவள், காற்று மாதிரி. அதுவும் எனக்குக் கேட்டது.

குழந்தையின் விரல்கள் விரிந்து, கைக்கு அகப்பட்ட விரிப்பின் மூலையைப் பிடித்துக்கொண்டன. அந்த விரல்களுக்கிடையில் சிவப்பு நூலில் ஒரு எழுத்து, பாதி தெரிந்தது.