மூன்று பேரில் ஊதிய மூச்சு

அண்டி ஆபீஸ் என்கிற அந்த முந்திரி ஆலையில் மத்தியானக் கஞ்சிக்கு மணியடிக்க இன்னும் நேரம் கிடந்தது. முத்துக்கனி குந்தியிருந்து முந்திரிக்கொட்டையைக் கட்டையால் தல்லி உடைத்துக்கொண்டிருந்தாள். தோட்டெண்ணெய் பட்டு வெந்த விரல்களில் சாம்பல் பூசியிருந்தாள். டாக்டர் ஸ்மைலின் வந்து அவளுக்கெதிரே தரையிலேயே உட்கார்ந்தாள்.

"அம்மா, எட்டு வருசத்துக்கு முந்தி மூணு கூட்டம் வந்து இங்க உள்ளவியள ஊதச் சொல்லி மூச்சு பாத்தாவளா?"

முத்துக்கனிக்கு முகம் மலர்ந்தது. அதெல்லாம் ஒரு காலம். ஷாஜிதா பேகம் பக்கத்தில் இருந்து பாட்டு எடுத்துவிட்டால், வரிசை முழுக்கக் கட்டை தாளத்தில் விழும். மூச்சு பார்க்கிற நாளென்றால் திருவிழாதான். ஊதியவர்களுக்கு ஆளுக்கொரு தூக்குச்சட்டி.

"வந்தாவ மக்கா. மூணு மட்டமும் நான் ஊதினேன். ரேஷன் கார்டுப் பேரு ஒண்ணு, வீட்டுல விளிக்கிற பேரு ஒண்ணு, மூணாவதுக்கு எனக்க நாத்தூனுக்க பேரு. ஒரே பேரு சொன்னா சட்டி கிட்டாதுல்லா?"

"ஏட்டி, நாத்தூனுக்குச் சட்டி குடுத்தியா?" என்று பின்னாலிருந்து இந்துஜா கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

ஸ்மைலின் சிரிக்கவில்லை. அந்த மூன்று ஆய்வையும் ஒன்றாகக் கூட்டி, அறுநூறு பேரைப் பார்த்ததில் கொட்டை சுடும் புகையால் நெஞ்சுக்குக் கேடில்லை என்று யாரோ அறிக்கை எழுதியிருந்தார்கள். அதைக் காட்டித்தான், நெஞ்சு சீக்கில் படுத்துவிட்ட ஷாஜிதாவின் சிகிச்சை உதவி மனுவைத் தள்ளினார்கள். அறிக்கையைச் சரிபார்க்க வந்தவள் ஸ்மைலின்.

"மத்தவியளும் இப்பிடியா?"

"பின்னே? இருநூறு பேருதான் சுத்திச் சுத்தி ஊதினோம்."

"இருமல் உள்ளவியளும் ஊதினாவளா?"

முத்துக்கனியின் கை நின்றது. "அவியள அண்ணைக்கு வரண்டாம்னு சூப்பர்வைசர் குமாரதாஸ் சொல்லியிட்டாரு. ஷாஜிதாவ நான்தான் வீட்டுல கொண்டு விட்டேன்."

"அப்போ அந்த அறிக்கை நிக்காதும்மா."

"அவளுக்கு உதவி கிட்டும், இல்லியா?"

"கேடில்லன்னு இனி சொல்ல முடியாது. ஆனா கேடு உண்டுன்னும் இத வச்சுச் சொல்லக் கூடாது. சீக்குள்ள ஒருத்தர்கூட இதுல இல்லியே. முதல்லேருந்து பாக்கணும். ஒண்ணர வருசம் ஆவும்."

சாயங்காலம் இருவரும் ஷாஜிதாவின் வீட்டுக்குப் போனார்கள். மூன்று தலையணை அடுக்கிச் சாய்ந்திருந்தாள். ஸ்மைலின் நீட்டிய, மூச்சு அளக்கும் குழலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மக்கா... நல்லா ஊதணுமா, மோசமா ஊதணுமா?"

"உங்களால முடிஞ்சமட்டும் ஊதுங்கம்மா."

ஷாஜிதா ஊதினாள். குழலின் சிவப்பு முள் முதல் கோட்டைத் தொடவில்லை. அவள் மூச்சு திரும்பி வரும்வரை ஸ்மைலின் காத்திருந்தாள். பிறகு புது நோட்டைத் திறந்து, வெறுமையாக இருந்த பக்கத்தின் முதல் வரியில் ஒன்று என்று எழுதினாள்.