பலூன் அறை

உப்பிப்போன பேட்டரிகளைத் தொழிற்சாலையில் எல்லோரும் பலூன் என்றுதான் சொன்னார்கள். திரும்பி வரும் பழைய போன்களைப் பிரித்தால் கண்ணாடி ஒரு பக்கம், செம்பு ஒரு பக்கம் என்று மறுபடி பயன்படுத்த ஒதுக்கிவிடலாம். பலூனை அப்படிச் செய்ய முடியாது. ஆபத்தான கழிவு என்று எழுதி, அதற்கென்றே இருக்கும் வேறோர் ஆலைக்கு அனுப்ப வேண்டும். ஆனால் தன் வாசலைத் தாண்டிக் கழிவாக ஒரு துரும்பும் போகாது என்று கம்பெனி ஊரெல்லாம் சொல்லிவிட்டது. வாசற்கதவில் ஆள் உயரத்துக்குப் பச்சை இலை வேறு வரைந்தாயிற்று. ஆகவே பலூன்கள் பின்கட்டில் ஜன்னலில்லாத ஓர் அறைக்குப் போயின. அவை சோதனைக்குக் காத்திருக்கின்றன என்று பேச்சு. காத்திருப்பது கழிவாகாது.

அந்த அறையின் சாவி தொழிற்சாலை எலக்ட்ரீஷியனின் மச்சானிடம் இருந்தது. மனைவியின் அண்ணன். பெற்றவர்கள் போன பிறகு தங்கையை வளர்த்துக் கட்டிக்கொடுத்து, தங்கை புருஷனுக்கு அதே கம்பெனியில் வேலையும் வாங்கித் தந்தவர்.

கேன்டீன் சுவரில் ஒரு திரை உண்டு. மின்சாரத்தைக் குறைத்த கட்டடம் அதில் பச்சையாகத் தெரியும். எல்லாம் பச்சையான பிறகும் பின்கட்டு மட்டும் சிவப்பாகவே நின்றது. பசுமைப் பிரிவுக்குப் புதிதாக வந்திருந்த மேலாளர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார். பச்சை மேடம் என்று அவருக்குப் பெயர். நல்ல மனுஷி, ஐந்து மாடியும் படியேறித்தான் போவார்.

"பின்கட்டுல ஒரு ஏ.சி. ராப்பகலா ஓடுது. பிளான்ல பார்த்தா அங்க ரூமே இல்லையே?"

அவருக்கு யாரும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது.

"பழைய ஸ்டோர் மேடம்."

"ஸ்டோருக்கு எதுக்கு ஏ.சி.? ஆஃப் பண்ணிடுங்க."

அவன் நேரே மச்சானிடம் போனான். மச்சான் அறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மண் சலித்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், ஏ.சி.யை நிறுத்தச் சொல்றாங்க. அவங்களுக்கு விஷயம் தெரியாது. நான் போய் உள்ளதைச் சொல்லிடறேன்."

"சொல்லு. அப்புறம்?"

"அப்புறம் இதையெல்லாம் எடுத்துட்டுப் போவாங்க."

"என்னையும் சேர்த்துத்தான் எடுத்துட்டுப் போவாங்க மாப்ள. இத்தனை நாளா ஒளிச்சு வச்சது யாருன்னு கேட்டா எந்த ஆபீசர் கை தூக்குவான்? இந்தக் கேட்டைத் தாண்டிப் போற முதல் குப்பை நான்தான்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "ரிட்டையர் ஆகுற வயசுல எனக்கு வேற வேலை யார் தருவா? நீ பேசாம ஆஃப் பண்ணு. நான் பார்த்துக்கறேன்."

"சூடு ஏறித் தீப்பிடிச்சா?"

"மூக்கு எதுக்கு இருக்கு?"

அதுதான் மச்சானின் வேலை முறை. பேட்டரி கசியத் தொடங்கினால் பழம் அழுகியது போல இனிப்பாக ஒரு வாடை வரும். அவர் அறைக்குள் நடந்து மோந்து பார்ப்பார். வாடை வரும் பலூனை இடுக்கியால் எடுத்து மண் நிரப்பிய பீப்பாயில் புதைப்பார். அவர் மூக்கு தப்பியதே இல்லை.

எலக்ட்ரீஷியன் சுவிட்சை அணைத்து, ஒயரையும் கழற்றினான். மறுநாள் பின்கட்டு பச்சையானது. கேன்டீனில் யாரோ கை தட்டினார்கள்.

வெயில் ஏறியது. மச்சான் வீட்டிலிருந்து மேசை விசிறி கொண்டுவந்து வைத்தார். அந்த வாரம் அவருக்குச் சளி பிடித்தது. சாப்பாட்டு நேரத்தில் மூக்கைச் சிந்திக்கொண்டே, "வாசனையே தெரியல, ரசம்னு நினைச்சு வெந்நீரைக் குடிச்சிட்டேன்டா" என்று பக்கத்திலிருந்தவனிடம் தன்னையே கேலி செய்துகொண்டார். எலக்ட்ரீஷியனும் சிரித்தான். வாசனை தெரியாத மனிதர் அந்த அறைக்குத்தான் திரும்பிப் போகிறார் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

அன்று பிற்பகலில் பட்டாசு வெடிப்பது போலச் சத்தம் கேட்டது. அவன் ஓடிப்போனபோது கதவிடுக்கில் வெள்ளைப் புகை பீறிட்டது. மச்சான் உள்ளே போய், தீப்பிடித்த பெட்டியை மற்றவற்றிலிருந்து இழுத்து விலக்கியிருக்கிறார். அதனால்தான் கட்டடம் தப்பியது. அவரைத் தூக்கி வந்தபோது சட்டை எது, தோல் எது என்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் நுரையீரல் வெந்துவிட்டது என்றார்கள். நம்பிக்கை கொடுக்கவில்லை. கருகிய பலூன்களை அன்றே லாரியில் ஏற்றினார்கள். விபத்தில் எரிந்தது கழிவுக் கணக்கில் வராதாம். வாசலில் இலை அப்படியே இருந்தது.

சாயங்காலம் பாதுகாப்பு அதிகாரி வந்தார். பின்னால் பச்சை மேடம்.

"ரூம்ல ஏ.சி. ஓடலை. சாவி உங்ககிட்ட மட்டும்தான் இருந்திருக்கு," என்றார் அதிகாரி, கட்டிலை நோக்கிக் குனிந்து. "பேச வேண்டாம், தலையை மட்டும் ஆட்டுங்க. நீங்கதான் அணைச்சீங்களா?"

பச்சை மேடம் எலக்ட்ரீஷியனைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான். ஒருவர் வாய் திறந்திருந்தால் மற்றவரும் திறந்திருப்பார். இருவரும் திறக்கவில்லை.

மச்சானின் கண்கள் தங்கை புருஷன் மேல் கொஞ்ச நேரம் நின்றன. பிறகு தலையை ஆட்டினார்.

அவர்கள் போனதும் எலக்ட்ரீஷியனின் மனைவி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"ஏண்ணே அணைச்ச? யாரைக் கேட்டு அணைச்ச? உனக்கு எப்பவுமே எல்லாத்துலயும் விளையாட்டு." அழுகையோடு கணவன் பக்கம் திரும்பினாள். "ஏங்க, கரண்டு வேலை பார்க்கறவர் நீங்க. நீங்களாவது அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேன்," என்றான் அவன்.

கட்டிலில் மச்சான் அதற்கும் தலையை ஆட்டினார்.