ஆறு நாளாக ஊசி போடாதவர்

எழிலரசி நர்சிங் படித்தவள். அம்பத்தூர் எஸ்டேட்டில், ஓர் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகச் சர்க்கரை, இதய நோயாளிகளை மாதம் ஒருமுறை போனில் விசாரிப்பது அவள் வேலை. ஓர் ஆளுக்கு நான்கு நிமிடம். தினம் அறுபது பேரை முடித்தால் இன்சென்டிவ் உண்டு. மருந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னால் டிக் அடித்துவிட்டு அடுத்தவருக்குப் போக வேண்டும்.

அன்று மதியம் நெமிலிச்சேரி தங்கவேல் எடுத்தார். வேலை பார்த்த லேத் பட்டறை மூடிய பிறகு வீட்டோடு இருப்பவர். மகளின் ஆபீஸ் பாலிசியில் அவர் பெயரும் இருந்தது. வழக்கமாக வளவளவென்று பேசுகிறவருக்கு அன்று வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கியது. காலையிலிருந்து வாந்தி என்றார். கடைசியாக இன்சுலின் ஊசி எப்போது போட்டீர்கள் என்று எழிலரசி கேட்டாள்.

"ஆறு நாளு ஆவுதும்மா. ஊசி வாங்குனா உங்காளுங்க ஒன்னியும் தர்றதில்ல. ஆஸ்பத்திரில படுத்தாதான் தர்றாங்க. ஒருவாட்டி படுத்துட்டா எல்லாம் பாத்துப்பாங்கன்னுதான்..."

இந்த நிலையில் உயிருக்கே ஆபத்து என்று புரிந்து, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். வீட்டில் யாருமில்லை, மனைவி நாகவல்லி வேலைக்குப் போயிருந்தாள். கதவை உள்ளே தாழ் போட்டிருந்தார். எப்படியாவது எழுந்து தாழ்ப்பாளைத் திறக்கச் சொன்னாள். ஏதோ உருண்டு விழும் சத்தம் கேட்டது. வெகுநேரம் கழித்துத்தான் தாழ் நகர்ந்தது.

நேரம் தாண்டிவிட்டதென்று டீம் லீடர் ஜெகதீஷ் வந்து நின்றார். நெமிலிச்சேரி முகவரியைத் தாளில் எழுதி, 108-க்குப் பேசச் சொல்லி நீட்டினாள். அவர் ஒரு கணம் தயங்கிவிட்டுப் போனை எடுத்தார்.

"சார், தூங்கிடாதீங்க. என்கிட்ட பேசிட்டே இருங்க."

பதில் முனகலாகத் தேய்ந்தது. பிறகு மூச்சு மட்டும். இருபத்தாறாவது நிமிடம் வேறு குரல்கள் கேட்டன, ஆம்புலன்ஸ்காரர்கள்.

அழைப்புக் குறிப்பில், மருந்து எடுக்காதவர்களுக்கு 'தானாக மருந்தை நிறுத்தினார்' என்ற ஒரே கட்டம்தான் இருந்தது. அதை டிக் அடித்தால் ஆஸ்பத்திரிச் செலவுக்கான கிளெய்மை மறுத்துவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். பேச்சு பதிவாகியிருப்பதால் மறைக்கவும் முடியாது. கட்டத்தை விட்டுவிட்டு, வாங்க வசதியில்லாமல் நிறுத்தினார், ஊசிக்குப் பாலிசி பணம் தருவதில்லை என்று கீழே எழுதினாள்.

"இது மேல போனா உன்னைத்தான் கேப்பாங்க" என்றார் ஜெகதீஷ்.

"கேக்கட்டும் சார்."

தங்கவேல் நான்கு நாள் ஐசியுவில் கிடந்து பிழைத்தார். கிளெய்மை முதலில் நிறுத்தி வைத்தார்கள். எழிலரசியை இரண்டு முறை அழைத்து விசாரித்துவிட்டு, ஒரு மாதம் கழித்துப் பணம் கொடுத்தார்கள். அந்த மாதம் அவளுக்கு இன்சென்டிவ் வரவில்லை.

அடுத்த மாத அழைப்பை நாகவல்லி எடுத்தாள். "ஊட்டுக்கு வந்துட்டாரும்மா. இனிமே ஊசிக்கு இன்னா பண்றது?"

அரசு ஆஸ்பத்திரியில் பதிந்துகொண்டால் இன்சுலின் இலவசமாகத் தருவார்கள் என்றாள் எழிலரசி. என்னென்ன எடுத்துப் போக வேண்டும் என்பதையும் நிதானமாகச் சொன்னாள்.

"மின்னாடியே சொல்லியிருக்கலாமே தாயி" என்றாள் நாகவல்லி. அவள் குரலில் கோபமில்லை.

எட்டு மாதமாக எழிலரசி அந்த வீட்டுக்குப் போன் செய்திருக்கிறாள். ஒருமுறைகூடச் சொன்னதில்லை. "ஆமாம்மா, சொல்லியிருக்கணும்" என்றாள் எழிலரசி.