வாசல் தர்க்கம்

எதிர்த்துப் பேசுவதுதான் என் தொழில். மேடையில் கதாநாயகனாக வரும் ராஜபார்ட் பாட்டாகவே ஒரு கேள்வி போட்டால், அதே ராகத்தில், அதே தாளத்தில், அவர் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் பதிலைத் திருப்பி அடிக்க வேண்டும். ஒத்திகை எல்லாம் கிடையாது. 'தர்க்கப்புலி மருங்காபுரி ராக்கம்மாள்' என்று நோட்டீஸில் போட்டால் கொட்டகை நிறையும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்ற பழமொழியை எனக்காகவே சொல்லி வைத்தார்கள் போலிருக்கிறது. அப்பேர்ப்பட்டவளைப் பார்த்து, ஒரு வாரம் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார் பாலக்கரை டாக்டர் பிலோமின்ராஜ்.

பங்குனி மாதம், ஊர் ஊராகத் திருவிழா. தொடர்ந்து பதினோரு நாடகம் பாடியதில் தொண்டை புண்ணாகிவிட்டது. டாக்டர் ஒரு சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, குசுகுசுவென்று பேசுவதும் ஆகாது, மீறினால் குரல் திரும்பவே திரும்பாது என்றார். அன்று ஞாயிறு. வருகிற சனிக்கிழமை பாலக்கரைக் கொட்டகையில் எனக்கு நாடகம் இருந்தது. குரல் போய்விட்டால் ராக்கம்மாள் என்பவள் வெறும் பட்டுச் சேலைதான். பயத்தில் அந்த நிமிஷமே வாயை மூடினேன்.

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையில் என் சித்தி மகள் பொன்னுத்தாய் பூக்கட்டி விற்கிறாள். ஓய்வெடுக்க அவள் வீட்டுக்குப் போனேன். பேச்சுக்குப் பதிலாக ஒரு சிலேட்டும் பலப்பமும் வாங்கிக்கொண்டேன். பொன்னுத்தாய்க்கு எழுத்து தெரியாது என்பது அங்கே போன பிறகுதான் உறைத்தது. 'பசிக்கிறது' என்று எழுதிக் காட்டினால், முத்து முத்தாக எழுதுகிறாய் என்று மெச்சிவிட்டுப் பூக்கட்டப் போய்விடுவாள்.

அக்கம்பக்கத்துப் பெண்கள் என்னை எதிரில் வைத்துக்கொண்டே என்னைப் பற்றிப் பேசினார்கள். வாய் பேசாதவளுக்குக் காதும் கேட்காது என்று நினைப்பு. நாடகக்காரிக்குச் சாமி கொடுத்த தண்டனை என்றாள் ஒருத்தி. வயது நாற்பதைத் தாண்டியிருக்கும் என்றாள் இன்னொருத்தி. முப்பத்திரண்டு! சிலேட்டில் பெரிதாக எழுதி அவள் மூக்குக்கு நேரே நீட்டினேன். அதைத் தலைகீழாக வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

திங்கட்கிழமை ரங்கநாதரின் உற்சவரான நம்பெருமாளின் பல்லக்கு வீட்டு வாசல் வழியாக உறையூருக்குப் போனது. அங்கே இருக்கிற கமலவல்லி நாச்சியாரோடு ஒரு பொழுது சேர்ந்திருந்துவிட்டு வருவார். இங்கே இருக்கிற ரங்கநாயகித் தாயாருக்கு அது பிடிக்காது. வியாழக்கிழமை உத்திரத்தன்று பெருமாள் தாயார் சன்னிதிக்கு வரும்போது கதவைச் சாத்திவிடுவாள். மட்டையடி என்று அதற்குப் பெயர். "நீ மேடையில போடுற சண்டைதான்க்கா, தாயார் போட்டா உற்சவம்," என்று பொன்னுத்தாய் சிரித்தாள்.

அவள் சொன்னது சரிதான். சனிக்கிழமை நாடகத்தில் என் பேர்போன காட்சியும் அதுவே. வேறொருத்தி வீட்டில் தங்கிவிட்டுப் புருஷன் திரும்பி வருவான். மேடை நடுவில் ஒரு மரக்கதவு. அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். சபைக்கு இருவரும் தெரிவோம். அரைமணி நேரம் தர்க்கம். கடைசியில் நான் கதவைத் திறந்துவிட வேண்டும், கதை அப்படி. திறக்கும்வரை என் ராஜ்ஜியம். அதற்காகவே பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்து பாயில் இடம் பிடிப்பார்கள்.

செவ்வாய்க்கிழமை நாடகக் கான்ட்ராக்டர் நல்லுசாமி வந்தார். கூடவே சனிக்கிழமை எனக்குப் புருஷனாக வரப்போகிற ராஜபார்ட் பிச்சமுத்து பாகவதரும் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். போன வருஷம் ஜீயபுரத்தில் என் ஏழாவது கேள்விக்குப் பதில் தெரியாமல் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தவர் இவர். என் தொண்டைக்காக அவர் பட்ட வருத்தத்தைப் பார்க்க வேண்டுமே! ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். அழுது முடித்ததும் மடியிலிருந்து இரண்டு காகிதங்களை எடுத்து நீட்டினார்.

"தங்கச்சி, நீங்க சிரமப்படவே வேண்டாம். உங்க பதிலையும் நானே எழுதிட்டேன். பெண் வேஷம் கட்டுற நம்ம ஸ்திரீபார்ட் நல்லதம்பி சைடுல மறைஞ்சு நின்னு பாடிடுவான். நீங்க வாயை மட்டும் அசைச்சாப் போதும்."

படித்தேன். எனக்கென்று நாலே நாலு பதில். நாலிலும் நான் மன்னிப்புக் கேட்கிறேன். ஊர் மேய்ந்துவிட்டு வந்தவன் அவன், காலில் விழுகிறவள் நான்! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சிலேட்டை எடுத்து 'முடியாது' என்று எழுதினேன். நல்லுசாமிக்குப் படிக்கத் தெரியும். படித்தார். தோளில் கிடந்த துண்டால் அதைத் துடைத்தார்.

"நோட்டீஸ் அடிச்சாச்சும்மா. வந்து நில்லுங்க, போதும்."

வாய் திறந்திருந்தால் அவர்கள் பாட்டன் காலத்துச் சங்கதியெல்லாம் அன்றைக்கு வெளியே வந்திருக்கும். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தைக்கு நாக்கு துடித்தது. டாக்டர் சொன்னதை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டேன். இளகின இரும்பைக் கண்டால் கொல்லன் ஓங்கி ஓங்கி அடிப்பானாம். இருவரும் காப்பி குடித்துவிட்டு நிதானமாகப் போனார்கள். அந்த வாழைப்பழத்தைப் பொன்னுத்தாய் வீட்டு ஆட்டுக்குப் போட்டேன்.

மறுநாள் முழுவதும் ஆற்றங்கரை மரத்தடியில் உட்கார்ந்து எழுதினேன். பாகவதர் என்ன கேட்பார் என்பது எனக்குத் தலைகீழ்ப் பாடம். காவிரியில் வெள்ளம், அதனால் அக்கரையில் தங்கிவிட்டேன் என்பார். பங்குனியில் ஏது வெள்ளம், மணலையா நீந்தி வந்தீர் என்று எழுதினேன். எழுதிவிட்டுச் சத்தம் வராமல் சிரித்தேன். அன்று பொழுது சாய்வதற்குள் நாற்பது பதில்கள். என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக எழுதியதில்லை. எல்லாம் கோபம் எழுதிக் கொடுத்தது. சனிக்கிழமைக்குள் குரல் வந்துவிடும், நல்லதம்பியைச் சைடிலேயே நிற்கவைத்து விடலாம் என்று நம்பினேன்.

வியாழக்கிழமை பொன்னுத்தாய் என்னைக் கோயிலுக்கு இழுத்துப் போனாள். தாயார் சன்னிதி முன்னால் நெருக்கியடித்து நின்றோம். பெருமாள் பல்லக்கு ஆடி ஆடி வந்தது. முகத்துக்கு நேரே கதவு சாத்தப்பட்டது. பூவும் வாழைமட்டையும் பறந்தன. ஜனங்கள் ஆரவாரித்தார்கள், நானும் கை கொட்டினேன். பிறகு தர்க்கம் தொடங்கியது. பெருமாளுக்காக ஒரு பக்கம் பேசியது ஆண்குரல். தாயாருக்காக மறுபக்கம் பேசியது, அதுவும் ஆண்குரல். பக்கத்தில் பொன்னுத்தாய் உருகிப்போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என் மனசு மட்டும் உருகவில்லை. தாயே, உனக்குமா சைடில் ஆள் நிறுத்தியிருக்கிறார்கள் என்று கேட்டது.

நம்மாழ்வார் வந்து சமாதானம் செய்தார். கதவு திறந்தது. வருஷா வருஷம் அவர் போகிறார், வருஷா வருஷம் இவள் திறக்கிறாள். அபசாரம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன், ஆனாலும் ஆறவில்லை. அத்தனை பேச்சிலும் எனக்குள் நின்றது கதவு சாத்துகிற சத்தம் ஒன்றுதான். அது ஒன்றுதான் அவள் வாயால் சொன்னது என்று பட்டது.

வெள்ளிக்கிழமை டாக்டர் மறுபடி கண்ணாடியை விட்டுப் பார்த்தார். புண் ஆறுகிறது, குரல் பிழைத்துவிட்டது, ஆனால் இரண்டு மாதம் பாடவே கூடாது என்றார். நாளைக்கு நாடகம் என்று எழுதிக் காட்டினேன். அவர் யோசித்தார். "ஒரு வரி, ரெண்டு வரி பேசலாம்மா. பாடினீங்கன்னா அப்புறம் என்கிட்ட வராதீங்க." நாற்பது பதில்! டாக்டர் வீட்டு வாசலிலேயே நின்று அழுதேன். அழும்போதும் சத்தம் வரக் கூடாதே என்று வாயில் முந்தானையை வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை கொட்டகை நிறைந்திருந்தது. வாசல் காட்சி வந்தது. பாகவதர் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று முதல் கேள்வியை இழுத்து இழுத்துப் பாடினார். சைடிலிருந்து நல்லதம்பி என் முதல் மன்னிப்பைப் பாடினான். நான் உதட்டை இறுக மூடிக்கொண்டு சபையைப் பார்த்தேன். மூடின வாய் எல்லோருக்கும் தெரியும்படி விளக்குக்கு நேரே வந்து நின்றேன். சபை குழம்பியது. பெண்கள் பக்கத்தில் யாரோ, ராக்கம்மா வாய் அசையலையே என்றார்கள். இரண்டாவது மன்னிப்புக்குச் சிரிப்பு எழுந்தது. மூன்றாவதில் நல்லதம்பிக்கே குரல் பிசிறியது. நான்காவதை அவன் பாடவே இல்லை. சைடில் நல்லுசாமி, கதவைத் திற, திற என்று கையை ஆட்டினார்.

பாகவதர் விடவில்லை. இந்த இடத்தில் நான் திறந்தாக வேண்டும், திறந்தால் அவர் ஜெயித்தவர். நெஞ்சில் கைவைத்து, "கண்மணி, அதான் மன்னிச்சிட்டேனே, திற" என்று வசனமாகவே சொன்னார். மன்னித்துவிட்டாராம்!

வாரமெல்லாம் சேர்த்து வைத்திருந்த குரலை எடுத்தேன். கரகரவென்றுதான் வந்தது. ஆனாலும் அந்த நேரம் கொட்டகையில் வேறு சத்தம் இல்லை.

"என் பதிலையும் நீங்களே சொல்லிக்கிட்டீங்க. கதவையும் நீங்களே திறந்துக்கங்க."

சொல்லிவிட்டுத் தாழ்ப்பாளைப் போட்டேன். அவர் தள்ளிப் பார்த்தார். மறுபடி தள்ளினார். பெண்கள் பக்கத்துச் சிரிப்பில் ஆர்மோனியம் நின்றுபோனது. எங்கோ பின்வரிசையில் ஒரு கிழவி, திறந்துடாத தாயி என்று சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. பாகவதர் தன் இரண்டு காகிதத்திலும் இதற்குமேல் எழுதி வைத்திருக்கவில்லை. கதவில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, நான் மேடையிலேயே உட்கார்ந்துகொண்டேன்.